கேம் சாஃப்டுக்கு அந்த முதல் 20 நிமிஷம்

இன்ஜின் ஓடிருச்சு. போன சனிக்கிழமை மத்தியானம் வண்டிய கராஜ்ல இருந்து பாதி வெளிய தள்ளி, சைலன்சர் வாய் தெருப்பக்கம் இருக்கற மாதிரி நிறுத்தி, 20 நிமிஷம் நிக்காம ஓட விட்டோம். ஆயில் பிரஷர் எறங்கல, தண்ணி கொதிக்கல, எங்கயும் பெருசா ஒழுகல. நடுவுல ஒரு சிலிண்டர் மட்டும் கொஞ்சம் அடம் புடிச்சுது, அத பின்னாடி சொல்றேன்.

இன்ஜின் வேலை முடிஞ்சு சேஸில உக்காந்து ரொம்ப நாளாச்சு, ஏன் இன்னும் ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலன்னு கேக்காத ஆளே இல்ல. வீட்டுக்கு வந்த ஒவ்வொரு பிரெண்டும் கராஜ்ல நின்னு "ஒரே ஒரு தடவ செல்ஃப் அடிங்க, சத்தத்த மட்டும் கேப்போம்"னு சொல்லுவாங்க. எனக்கும் ஆசை இல்லாம இல்ல, ராத்திரி படுத்தா அந்த சத்தம் எப்படி இருக்கும்னு யோசிச்சுக்கிட்டேதான் தூங்குவேன். ஆனா பண்ணல. ஏன் பண்ணலங்கறதத்தான் இந்த போஸ்ட்ல விவரமா எழுதணும்னு நெனச்சேன், ஏன்னா கிட் கார் கட்டற நெறைய பேரு இந்த எடத்துலதான் அவசரப்படறாங்க, அதுக்கு விலை குடுக்கறது இன்ஜின்.

கிட் கார்னா தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். இங்க பிரிட்டன்ல சேஸ், பாடி பேனல் எல்லாம் தனியா வாங்கி, ஏதாவது பழைய வண்டில இருந்து இன்ஜின், கியர் பாக்ஸ், ஆக்ஸில் எடுத்து, நம்ம வீட்டு கராஜ்லயே ஒரு கார கட்டி, டெஸ்ட் பாஸ் பண்ணி சட்டப்படி ரோட்ல ஓட்டலாம். 1957ல லோட்டஸ் கம்பெனி காலின் சாப்மன் கொண்டு வந்த செவன்தான் இதுல எல்லாருக்கும் ஆதர்சம். முழு வண்டியா வாங்கினா பர்ச்சேஸ் டாக்ஸ், பாகம் பாகமா வாங்கி நீங்களே கட்டிக்கிட்டா அந்த வரி கெடையாது, அதனால ஜனங்க பெட்டி பெட்டியா வாங்கி கட்ட ஆரம்பிச்சாங்க. 1973ல வாட் வந்ததும் அந்த சலுகை போச்சு, அதே வருஷம் செவனோட உரிமையும் கேட்டர்ஹாம் கைக்கு போச்சு. சலுகை போனாலும் கட்டற பழக்கம் மட்டும் போகவே இல்ல. என்னோடது கேட்டர்ஹாம் இல்ல, அதே சாயல்ல ஸ்டீல் டியூப் சேஸ், அலுமினியம் பேனல், முன்னாடி நீளமா ஒரு பானெட், பின்னாடி ரெண்டு பேரு ஒட்டி ஒட்டி உக்கார எடம், அவ்ளோதான் வண்டி.

இன்ஜின் ஃபோர்டு கென்ட் கிராஸ்ஃப்ளோ 1600. இந்த கென்ட் குடும்பம் 1959ல ஆங்லியா கார்ல 997 சிசியா ஆரம்பிச்சுது, 1967ல இன்டேக் ஒரு பக்கம் எக்ஸாஸ்ட் எதிர்ப்பக்கம்னு மாத்தினாங்க, கிராஸ்ஃப்ளோன்னு பேரு வந்தது அதனாலதான். ஹெட் அடிப்பக்கம் தட்டையா இருக்கும், கம்பஸ்சன் சேம்பர் பிஸ்டன் தலையிலயே கிண்ணம் மாதிரி குடைஞ்சிருக்கும். என்கிட்ட இருக்கறது 711எம் பிளாக், ஒரு பழைய எஸ்கார்ட்ல இருந்தது, யாரோ கழட்டி ஷெட்ல போட்டு வச்சிருந்தாங்க. ஒரிஜினல் போர், அதாவது சிலிண்டர் ஓட்டையோட அகலம், 80.98 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி எறங்கற தூரம், 77.62. போர் தேஞ்சு முட்டை வடிவமா ஆயிருந்தது, அதனால 30 தௌ (ஒரு தௌன்னா இன்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு) ஓவர்சைஸ் போட்டு, கிராங்க் கிரைண்ட் பண்ணி, புது பேரிங், புது கேம் சாஃப்ட் (சுத்தி சுத்தி வால்வ தொறக்க வைக்கற தண்டு), புது டேப்பட் (அந்தத் தண்டு தள்ளறத புஷ் ராடு வழியா மேல அனுப்பற கட்டை), புது ஆயில் பம்ப், எல்லாமே புதுசு. இப்ப கணக்கு போட்டா 1630 சிசி கிட்ட வருது.

இதுல எனக்கு குருன்னா கோயம்புத்தூர்ல இருக்கற எங்க மாமாதான். அவரு ரீபோர் ஒர்க்‌ஷாப் வச்சிருந்தவரு, அம்பாசடர் பெட்ரோல் இன்ஜின் எத்தனையோ பிரிச்சு கட்டினவரு. அம்பாசடர்ல இருந்த அந்த 1489 சிசி இன்ஜினும் இங்கிலாந்துல இருந்து போனதுதான், பிஎம்சி பி சீரிஸ், இதே மாதிரி புஷ் ராடு, பிளாக்குள்ள கேம் சாஃப்ட், தட்டை டேப்பட். வீடியோ கால்ல பிளாக்க திருப்பி திருப்பி காட்டினப்ப மாமா மொகத்துல வந்த சந்தோஷத்த பாக்கணுமே. "மாப்ள, இது நம்ம அம்பாசடருக்கு பங்காளி வீட்டுப் பையன்தான், கட்டறதெல்லாம் ஒரே மாதிரிதான்"னாரு. அப்பவே கண்டிசனா ஒண்ணு சொல்லிட்டாரு. "கட்டி முடிச்சிட்டு வர்றவன் போறவனுக்கெல்லாம் ஸ்டார்ட் பண்ணிக் காட்டாத. ஓட்டறதுக்கு ரோடு இருந்தா ஸ்டார்ட் பண்ணு, இல்லைன்னா கைய வைக்காத."

மாமா சொன்னதுல ரெண்டு விஷயம் இருக்கு, ரெண்டும் தனித்தனி.

ஒண்ணு கேம். இந்த மாதிரி இன்ஜின்ல கேம் லோப், அதாவது கேம் சாஃப்ட்ல இருக்கற மேடு, நேரா டேப்பட் மேல ஒரசிக்கிட்டே ஓடுது, நடுவுல ரோலர் கீலர் எதுவும் கெடையாது. லோப லேசா சரிவா கிரைண்ட் பண்ணிருப்பாங்க, டேப்பட் மொகமும் பாக்க தட்டையா இருந்தாலும் ரொம்ப ரொம்ப லேசா நடுவுல மேடு. அதனால டேப்பட் மேல கீழ போகும்போதே தன் ஓட்டைக்குள்ள மெதுவா சுத்தும், அப்படி சுத்தினாதான் தேய்மானம் ஒரே எடத்துல விழாது. புதுசா இருக்கறப்ப ரெண்டும் தொடற எடம் ஒரு கோடு அளவுதான், வால்வ் ஸ்பிரிங்கோட மொத்த அழுத்தமும் அந்தக் கோட்டு மேல. ரெண்டு பரப்பும் ஒண்ணுக்கொண்ணு பழகி வழவழன்னு ஆகற வரைக்கும் அதுக்கு ஆயில் வேணும், அந்த ஆயில் வர்றது பெரும்பாலும் கிராங்க் சுத்தும்போது தெறிக்கறதுல இருந்துதான். ஐடில்ல, அதாவது ஆக்ஸிலரேட்டர தொடாம மெதுவா ஓடினா, தெறிக்கறது கம்மி. அதோட மெதுவா ஓடும்போது லோப் உச்சில ஸ்பிரிங் அழுத்தம் முழுசா விழும், வேகம் கூடினா டேப்பட், புஷ் ராடு இதோட சொந்த ஓட்டமே அந்த உச்சி அழுத்தத்த கொஞ்சம் வாங்கிக்கும். அதனாலதான் கேம் கம்பெனிக்காரங்க பேப்பர்லயே போட்டிருப்பாங்க, ஸ்டார்ட் ஆன உடனே 2000 ஆர்பிஎம்முக்கு மேல தூக்கு, 2000ல இருந்து 2500க்குள்ள ஏத்தி எறக்கி 20 நிமிஷம் ஓட்டு, ஐடில்ல விடாதன்னு.

இதுல இன்னொரு சிக்கல் என்னன்னா ஸ்டார்ட் ஆகறதுக்கு முன்னாடியே கேம கெடுக்க முடியும். கட்டும்போது லோப் மேல கறுப்பா ஒரு பேஸ்ட் தடவறோம், அதுதான் முதல் சில நொடிக்கு காவல். பெட்ரோல் வரல, ஸ்பார்க் வரல, டைமிங் தப்புன்னு செல்ஃப் அடிச்சுக்கிட்டே இருந்தா அந்த பேஸ்ட் வழிச்சுக்கிட்டு போயிரும், அப்புறம் இன்ஜின் புடிக்கறப்ப லோப் காஞ்சு கெடக்கும். அதனால செல்ஃப்ல விரல் வைக்கறதுக்கு முன்னாடி இது உடனே புடிக்கும்னு நமக்கு நம்பிக்கை வந்திருக்கணும்.

ஆயிலும் கண்ட ஆயில் ஆகாது. இப்ப கடைல கெடைக்கற பெட்ரோல் வண்டி ஆயில் பலதுல பாஸ்பரஸ் 0.08 சதவீதத்துக்கு மேல போகக்கூடாதுன்னு வரம்பு, கேட்டலிடிக் கன்வர்ட்டர் பாழாகாம இருக்கறதுக்காக. புது வண்டிக்கு அது சரி. ஆனா இந்த தட்டை டேப்பட்ட காப்பாத்தறதே அந்த ஜிங்க், பாஸ்பரஸ் சேர்ந்த மருந்துதான். நான் போட்டது ரன்னிங் இன்னுக்குன்னே, அதாவது புது இன்ஜின பழக்கறதுக்குன்னே விக்கற மினரல் ஆயில். சிந்தெடிக் இப்ப வேண்டாம், பிஸ்டன் ரிங் போர்ல நல்லா உக்காந்த அப்புறம் பாத்துக்கலாம்.

ரெண்டாவது விஷயம் இந்த ரிங். கிட் கார்காரங்களுக்கு இதுதான் முக்கியம்னு நான் நெனைக்கறேன். ரீபோர் பண்ணி ஹோன் பண்ணின, அதாவது கல்லு வச்சு தேய்ச்ச சிலிண்டர் சுவர்ல குறுக்கும் நெடுக்குமா மெல்லிசா கீறல் இருக்கும், புது ரிங் அந்தக் கீறலோட மேட்ட தேய்ச்சு தேய்ச்சுதான் தனக்கு எடம் பண்ணிக்கும். ரிங்க சுவரோட அழுத்தறது ரிங்கோட சொந்த டென்சன் மட்டும் இல்ல, எரியற கேஸ் ரிங்குக்கு பின்னாடி போய் தள்ளறதுதான் பெரிய பங்கு. லோடு இல்லாம சும்மா ஐடில்ல ஓடினா அந்த கேஸ் அழுத்தமே கெடையாது, ரிங் ஆயில் மேல வழுக்கிக்கிட்டு கெடக்கும், ஆயில் சூட்டுல காஞ்சு சுவர்ல கண்ணாடி மாதிரி பூச்சு கட்டிரும். கட்டிருச்சுன்னா முடிஞ்சுது, அப்புறம் எவ்ளோ ஓட்டினாலும் ரிங் உக்காராது, ஆயில் குடிக்கும், நீலப் பொகை விடும், திரும்ப பிரிச்சு ஹோன் பண்ணினாதான் விமோசனம்.

சாதாரண கார்ல இன்ஜின் மாத்தினா அன்னைக்கே ரோட்ல எடுத்துட்டு போயி ஒரு மேடு ஏத்தி ஆக்ஸிலரேட்டர மிதிச்சு விட்டு மிதிச்சு விட்டு ரிங்க உக்கார வச்சிரலாம். கிட் கார்ல அது முடியாது. நம்பர் பிளேட்டே இல்ல. ஐவிஏன்னு ஒரு டெஸ்ட் இருக்கு, 2009ல இருந்து வந்தது, அதுக்கு முன்னாடி எஸ்விஏன்னு இருந்தது, அந்த டெஸ்ட்டுல வண்டி முழுசா பாஸ் ஆகி பேப்பர் எல்லாம் போய் வந்தாதான் நம்பர். டெஸ்ட்டுக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கி, சேஸ் நம்பர் மேல இன்சூரன்ஸ் போட்டுட்டு, டெஸ்ட் நடக்கற எடத்துக்கு ஓட்டிக்கிட்டு போகலாம், அவ்ளோதான் அனுமதி. இப்ப யோசிச்சுப் பாருங்க, பாடி கூட மாட்டாம வெறும் சேஸில இன்ஜின ஸ்டார்ட் பண்ணி வீடியோ எடுக்கறாங்க, அப்புறம் மாசக்கணக்குல வாரம் ஒரு தடவ வந்தவங்களுக்கெல்லாம் அஞ்சு நிமிஷம் ஐடில்ல ஓட்டிக் காட்டறாங்க, கடைசில ரோட்டுக்கு போறப்ப போர் கண்ணாடியா இருக்கு. அந்த ஆசை எனக்கு நல்லா புரியுது, வருஷக்கணக்கா ஸ்பானர் புடிச்ச கைக்கு ஒரு சத்தம் வேணும்தான். ஆனா மெஷின் ஷாப்ல அவ்ளோ காசு குடுத்து, மைக்ரோமீட்டர் வச்சு ஒவ்வொண்ணா அளந்து கட்டின இன்ஜின இப்படி கெடுக்கக்கூடாது. அதனால நான் எடுத்த முடிவு, லைட், ஒயரிங், பிரேக், சீட் பெல்ட்னு மத்த எல்லாம் முடிஞ்சு ஐவிஏ பேப்பர் அனுப்பற கட்டம் வந்த அப்புறம்தான் இன்ஜின்.

சரி, தயார் பண்ணினத சொல்றேன்.

முதல்ல எர்த். கேக்க சின்ன விஷயம்தான், ஆனா புதுசா கட்டற வண்டில இதவிட ஆபத்தான சின்ன விஷயம் கெடையாது. சேஸ் முழுக்க பவுடர் கோட்டிங், பாக்க பளபளன்னு இருக்கும், கரன்ட் உள்ள போகாது. இன்ஜின் உக்காந்திருக்கறது ரப்பர் மவுன்ட் மேல. அப்ப பேட்டரி நெகட்டிவ் சேஸுக்கு வந்தா கூட இன்ஜினுக்கு போக வழியில்ல. செல்ஃப் மோட்டார் நூத்துக்கணக்கான ஆம்பியர் இழுக்கும்போது அது வேற வழி தேடும், ஆக்ஸிலரேட்டர் கேபிளும் ஸ்பீடாமீட்டர் கேபிளும்தான் இன்ஜினையும் சேஸையும் தொடற மத்த இரும்பு, அது வழியா போனா கேபிள் செவந்து உறையெல்லாம் உருகிரும், அதுவும் கார்புரேட்டர் பக்கத்துலயே. அதனால ரெண்டு எடத்துல கோட்டிங்க சுரண்டி பளபளன்னு இரும்பு தெரியற அளவுக்கு தேய்ச்சு, நல்ல தடிமனா பின்னல் எர்த் பட்டை ஒண்ணு பெல் ஹவுசிங் போல்ட்டுக்கும் சேஸுக்கும், இன்னொண்ணு பேட்டரிக்கும் சேஸுக்கும் போட்டு, வாசலின் தடவி மூடினேன். மீட்டர் வச்சு இன்ஜின் பிளாக்குக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவுல பாத்தா ரெசிஸ்டன்ஸ் இல்லைன்னே சொல்லலாம். அப்பதான் மனசு ஆறுச்சு.

பெட்ரோல் லைன் முழுக்க புதுசு. 2021 செப்டம்பர்ல இருந்து இங்க சாதாரண பெட்ரோல்னா ஈ10தான், பத்து சதவீதம் வரைக்கும் எத்தனால், பழைய ரப்பர் ஹோஸ அது தின்னுரும், வெடிச்சு ஒழுகும், அதனால எத்தனால் தாங்கற ஆர்9 ஹோஸ். கார்புரேட்டர் ரெண்டு வெபர் 40 டிசிஓஇ. இதுக்கு பிரஷர் ஜாஸ்தி ஆகாது, 3 பிஎஸ்ஐ தாண்டினா நீடில் வால்வ தள்ளிக்கிட்டு ரொம்பி வழியும், அதனால நடுவுல ஒரு ரெகுலேட்டர். இக்னிஷன் ஆஃப்ல வச்சு பம்ப மட்டும் ஓட விட்டு, மிதவை அறை ரொம்பி பம்ப் சத்தம் மெதுவாகற வரைக்கும் பாத்து, ஒவ்வொரு ஜாயின்ட்டையும் டிஷ்யூ பேப்பரால தொட்டுப் பாத்தேன். ஈரம் இல்ல.

டைமிங்குக்கு முதல் சிலிண்டர் பிளக் ஓட்டைல கட்டை விரல வச்சு, கிராங்க்க ஸ்பானரால சுத்தி, காத்து விரல தள்றப்ப நிறுத்தி, கிராங்க் முனைல இருக்கற பெல்ட் புல்லி மேல உள்ள குறிய 10 டிகிரிக்கு கொண்டு வந்தாச்சு. ராக்கர் கவர் தொறந்திருந்ததால இன்னொரு தடவையும் உறுதி பண்ண முடிஞ்சுது, முதல் சிலிண்டர் வால்வ் ரெண்டும் மூடி, வால்வ அமுக்கற ராக்கர் கை லூசா ஆடணும், அதே நேரம் நாலாவது சிலிண்டர்ல ஒரு வால்வ் மூடிக்கிட்டும் ஒண்ணு தொறந்துக்கிட்டும் இருக்கணும். அப்படி இருந்தாதான் டிஸ்டிரிபியூட்டர் அரை சுத்து மாறி உக்காரலன்னு அர்த்தம். இந்த இன்ஜினுக்கு ஃபயரிங் ஆர்டர் 1-2-4-3, ரோட்டர் இடது பக்கமா சுத்தும், பிளக் ஒயர அந்த வரிசைல மாட்டி ஒவ்வொண்ணுக்கும் நம்பர் டேப் ஒட்டியாச்சு.

தண்ணி ஊத்தறப்ப வண்டியோட முன்பக்கத்த ஜாக்கில தூக்கி வச்சு ஊத்தினேன், செவன் மாதிரி வண்டில ரேடியேட்டர் தாழ்வா இருக்கும், தெர்மோஸ்டாட் கிட்ட ஏர் லாக் நிக்கும். தெர்மோஸ்டாட் தட்டுல சின்னதா ஒரு ஓட்டை போட்டிருக்கேன், காத்து அது வழியா மேல போயிரும்.

ஆயில் பிரஷர் மட்டும் தனிக் கதை. சில இன்ஜின்ல டிஸ்டிரிபியூட்டர கழட்டிட்டு டிரில்ல ஒரு தண்டு மாட்டி ஆயில் பம்ப தனியா சுத்தலாம், கேம் அசையாது. கிராஸ்ஃப்ளோல பம்ப் பிளாக்குக்கு வெளிப்பக்கம் போல்ட்ல நிக்குது, அத சுத்தறது கேம் சாஃப்டோட பல்லுதான், அதனால கிராங்க் சுத்தாம பம்ப் சுத்தாது. பம்ப மாட்டறதுக்கு முன்னாடியே உள்ள வாசலின் அடைச்சு வச்சிருந்தேன், காஞ்சு கெடந்தா முதல்ல ஆயில உறிஞ்சாது. நாலு பிளக்கையும் கழட்டினா கம்பிரஷன் இல்ல, செல்ஃப் மோட்டாருக்கும் பாரம் இல்ல, பேரிங்குக்கும் பாரம் இல்ல, கிராங்க் லேசா சுத்தும். கேமுக்கு ஸ்பிரிங் பாரம் இருக்கும்தான், அதனால ராக்கர் சாஃப்டையே அவுத்து வெளிய எடுத்து வச்சிட்டேன். இப்ப வால்வ் ஸ்பிரிங் டேப்பட்ட அழுத்தாது, பேஸ்ட் பத்திரமா இருக்கும். மாமாதான் இத சொன்னாரு.

அன்னைக்கு ஒவ்வொருத்தருக்கும் ஒரு வேலை. பக்கத்து வீட்டுப் பெரியவர், கவென்ட்ரில கார் பாக்டரி டூல் ரூம்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு, அவரு கைல ஆக்ஸிலரேட்டர் லிங்கேஜ். பொண்ணு சீட்ல உக்காந்து மீட்டர மட்டும் பாக்கணும், வேற எதையும் பாக்கக்கூடாது, ஆயில் பிரஷர் 20 பிஎஸ்ஐக்கு கீழ வந்தா கேக்காம இக்னிஷன ஆஃப் பண்ணணும். வீட்டுக்காரம்மா தீ அணைப்பானோட முன்பக்கம். ரேடியேட்டர் முன்னாடி வீட்ல இருக்கற பெரிய டேபிள் ஃபேன், ஏன்னா நின்ன வண்டில 2500 ஆர்பிஎம்ல 20 நிமிஷம்னா சூடு சும்மா இல்ல. போன் டூல் பாக்ஸ் மேல சாஞ்சு நிக்குது, அதுல கோயம்புத்தூர்ல மாமா.

பிளக் இல்லாம செல்ஃப் அடிச்சேன். ஆயில் கேஜ் பழைய மெக்கானிக்கல் டைப், மெல்லிசா ஒரு குழாய் வழியா ஆயிலே மீட்டருக்கு வரும். அந்தக் குழாய் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக், டேஷ்போர்டுக்கு அடியில தெரியும். பத்து நொடி அடிக்கறது, மோட்டார் ஆற விடறது, திரும்ப. ஊசி அசையல. பெரியவரு அவசரமே படல, குழாய பாருன்னாரு. பாத்தா தேன் கலர்ல ஆயில் காத்துக் குமிழ தள்ளிக்கிட்டு மெதுவா மேல ஊர்ந்து வந்துக்கிட்டு இருக்கு. மீட்டர் கிட்ட வந்து நின்னுச்சு, அடுத்த தடவ அடிச்சதும் "அப்பா, எந்திரிச்சிருச்சு, எந்திரிச்சிருச்சு!"ன்னு பொண்ணு கத்தறா. 30 தாண்டி நின்னுச்சு ஊசி. அந்த நிமிஷம் எனக்கு உடம்பெல்லாம் ஒரு லேசு வந்துச்சு பாருங்க, இன்ஜின் இன்னும் ஓடவே இல்ல, ஆனா கிராங்க்கோட ஒவ்வொரு பேரிங்குக்கும் ஆயில் போயிருச்சு.

ராக்கர் சாஃப்ட் திரும்ப மாட்டி, டார்க் ரெஞ்ச் போட்டு, வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவுல இருக்க வேண்டிய கிளியரன்ஸ் வச்சு, பிளக் போட்டு, ஒயர் மாட்டி, த்ராட்டில் ஸ்டாப் ஸ்குரூவ நல்லா உள்ள திருகி வச்சேன், ஸ்டார்ட் ஆனா கையே வைக்காம 2000 கிட்ட நிக்கற மாதிரி. பெரியவர் லிங்கேஜ ரெண்டு தடவ அமுக்கி விட்டாரு, வெபர்ல அமுக்கினா பம்ப் ஜெட் பெட்ரோல சீறி அடிக்கும், சோக்கே தேவையில்ல.

செல்ஃப். ரெண்டு சுத்து, மூணு சுத்து, டப்புனு புடிச்சிருச்சு.

அந்த சத்தத்த எழுத்துல எழுத எனக்கு தெரியல. கராஜ் தகரக் கதவு அதிருது, ஷெல்ஃப்ல நட்டு டப்பா எல்லாம் கிணுகிணுங்குது. பெரியவர் உடனே 2200க்கு தூக்கிட்டாரு. "அம்பது, அப்பா, அம்பது"ன்னு மீட்டர்ல இருந்து கண்ண எடுக்காம சொல்றா. போன்ல மாமா என்னமோ சொல்றாரு, ஒண்ணும் கேக்கல, கை மட்டும் மேல மேல ஆட்டறாரு, ஏத்து ஏத்துன்னு.

சைலன்சர்ல இருந்து நீலமா பொகை. பயப்பட வேண்டியதில்ல, கட்டும்போது போர்ல, வால்வ் கைடுல தடவின ஆயில் எரியுது, கொஞ்ச நேரத்துல நின்னுரும். எக்ஸாஸ்ட் பைப் மேல இருந்த கை ரேகை, கிரீஸ் எல்லாம் தீஞ்சு ஒரு வாடை. ஸ்டெயின்லெஸ் பைப் ஹெட்ட ஒட்டின எடத்துல இருந்து மெல்ல தங்கக் கலர் ஏறுது. ஒண்ணு, ரெண்டு, நாலு ஏறுது, மூணாவது பைப் மட்டும் வெள்ளையாவே இருக்கு. விரல தண்ணில நனைச்சு ஒவ்வொரு பைப் மேலயும் சொட்டு விட்டேன். மத்த மூணு பைப்லயும் சுர்ருனு பொங்கிப் போச்சு, மூணாவது பைப்ல மட்டும் சொட்டு சாதாரணமா வழிஞ்சு எறங்குது. அந்த சிலிண்டர் எரியல. சத்தத்துலயும் லேசா ஒரு தடுமாட்டம், அந்த ஆரவாரத்துல காதுக்கு புரியல.

இங்கதான் யோசிக்கணும், நிறுத்தறதா வேண்டாமா. நிறுத்தினா குடி முழுகாது, ஆனா திரும்ப ஸ்டார்ட் பண்றப்ப திரும்ப அந்த மெதுவான சுத்து கேமுக்கு. ஸ்பார்க் இருக்கான்னு, ஒவ்வொரு ஸ்பார்க்குக்கும் மின்னற ஸ்ட்ரோப் லைட்ட மூணாவது ஒயர்ல மாட்டிப் பாத்தேன், ஒழுங்கா மின்னுது. அப்ப பெட்ரோல். வெபர்ல 2500 வரைக்கும் மெயின் ஜெட்டுக்கு பெருசா வேலையே இல்ல, ஐடில் ஜெட்டும், காத்த தொறந்து மூடற பட்டர்ஃப்ளை தகடு கிட்ட இருக்கற சின்ன சின்ன ப்ரோக்ரஷன் ஓட்டையும்தான் பெட்ரோல் குடுக்குது. அந்த ஐடில் ஜெட் ஓட்டை அரை மில்லிமீட்டர் அளவு, ஒரு தூசி போதும். நல்ல காலம், மேல இருக்கற வட்ட மூடிய விங் நட்ட திருகி எடுத்தா ஜெட் கைக்கு வந்துரும், இன்ஜின் ஓடும்போதே கழட்டலாம், அந்த சிலிண்டர் எப்படியும் எரியல. பெரியவர் லிங்கேஜ இம்மி கூட அசைக்காம புடிச்சிருந்தாரு. நான் ஸ்குரூ டிரைவர் போட்டு கழட்டி, ஜெட்ட வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா அந்தப்பக்கம் வெளிச்சம் தெரியல. கம்பி விடக்கூடாது, பித்தளை, ஓட்டை பெருசாயிரும். வாயால ஊதினேன், அப்புறம் காத்து கேன் வச்சு ஒரு அடி, கறுப்பா ஒரு துணுக்கு பறந்துச்சு, புது ஹோஸ வெட்டினப்ப உள்ள ஒட்டியிருந்த ரப்பர் துகள்தான். திரும்ப திருகினேன், கடைசி சுத்து முடியறதுக்குள்ள இன்ஜின் சத்தமே மாறிருச்சு, ரெவ் தானா ஏறி 2700 போச்சு, பெரியவர் சிரிச்சுக்கிட்டே எறக்கினாரு. கொஞ்ச நேரத்துல மூணாவது பைப்பும் தங்கக் கலர்.

மீதி நேரம் ஓடினது தெரியல. 2000க்கும் 2500க்கும் நடுவுல மெதுவா ஏத்தி எறக்கிக்கிட்டே இருந்தாரு, ஒரே வேகத்துல நிக்க விட்டா ஆயில் ஒரே எடத்துல தெறிக்கும்னு. தண்ணி 85ல ரேடியேட்டர் மேல் ஹோஸ் சூடாச்சு, தெர்மோஸ்டாட் தொறந்திருச்சு, 92ல எலக்ட்ரிக் ஃபேன் தானா ஓடி திரும்ப 86க்கு எறக்குச்சு. ஆயில் சூடானதும் பிரஷர் 50ல இருந்து 45 கிட்ட வந்து அங்கயே நின்னுச்சு. ராக்கர் கவர் பின் மூலைல மட்டும் லேசா ஆயில் வேர்வை, ஒரு கால் சுத்து டைட் பண்ணினதும் நின்னுச்சு.

20 நிமிஷம் ஆனதும் ஸ்டாப் ஸ்குரூவ வெளிய திருகி ஐடிலுக்கு எறக்கி, ஸ்ட்ரோப்ல டைமிங் ஒரு தடவ சரி பாத்து, உடனே ஆஃப். பொண்ணுக்கு இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும்னு ஆசை. "இல்லடா தங்கம், இனிமே ரோட்ல கேப்போம்"னேன். மாமா போன்ல "நல்லா வந்திருக்குடா மாப்ள, சத்தத்துல தட்டல் இல்ல"ன்னாரு. அவரு வாய்ல இருந்து அது வந்தா அதுக்கு மேல எனக்கு சர்டிபிகேட் வேண்டாம்.

சூடு ஆறறதுக்குள்ள ஆயில வடிச்சேன். வெயிலுக்கு நேரா புடிச்சா லேசா பட்டுப் போல ஒரு மினுமினுப்பு, புது இன்ஜின்ல அது இருக்கும், ரிங்கும் கேமும் பழகின அடையாளம். ஃபில்டர வெட்டி பேப்பர மடிப்பு மடிப்பா விரிச்சு காந்தம் வச்சு தேய்ச்சேன், மாவு மாதிரி கொஞ்சம் ஒட்டுச்சு, சில்லு எதுவும் இல்ல, பித்தளைக் கலர்ல பேரிங் பொடியும் இல்ல. மறுநாள் காலைல இன்ஜின் முழுசா ஆறினதும் எட்டு வால்வுக்கும் ஃபீலர் கேஜ் போட்டேன். கேம் லோப் ஏதாவது ஒண்ணு தேய ஆரம்பிச்சிருந்தா அந்த வால்வோட கிளியரன்ஸ் மட்டும் தனியா அகலமா காட்டும், ஒளிக்கவே முடியாது. எட்டும் முன்னாடி வச்சதுக்கு ஒரு தௌக்குள்ளதான் இருக்கு. ஹெட் போல்ட் வரிசைப்படி திரும்ப டார்க் பாத்து, புது ஆயில், புது ஃபில்டர் போட்டு, பேட்டரி ஒயர கழட்டி வச்சிட்டேன்.

இனி ஐவிஏ. வெளிய நீட்டிக்கிட்டு இருக்கற விளிம்பெல்லாம் 2.5 மில்லிமீட்டர் ரேடியஸ் இருக்கான்னு ஒவ்வொண்ணா தடவிப் பாக்கற வேலை பாக்கி இருக்கு, சத்தம் 99 டெசிபல் தாண்டக்கூடாது, இந்த சைலன்சர்ல அது கொஞ்சம் கிட்டத்துலதான் நிக்கும்னு தோணுது, உள்ள கூட கொஞ்சம் கம்பளி அடைக்கணும். டெஸ்ட் நடக்கற எடத்துக்கு போற வழில நல்ல மேடு ரெண்டு இருக்கு, மூணாவது கியர்ல போட்டு மிதிச்சு ஏத்தி, எறக்கத்துல ஆக்ஸிலரேட்டர விட்டு இன்ஜின் பிரேக்ல எறக்கி, ரிங்க உக்கார வச்சிக்கிட்டே போகப் போறேன். பெரியவர் பக்கத்து சீட் தனக்குன்னு இப்பவே சொல்லி வச்சிட்டாரு, பொண்ணு இன்னும் சண்டை போட்டுக்கிட்டு இருக்கா.